மோசே காட்டிய கணக்கு

"ஊழியக்காரரைக் கேள்வி கேட்காதீர்கள், அவரைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்." நம் சபைகளில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. நூறு வருடக் கோபுரமுள்ள சி.எஸ்.ஐ. ஆலயமானாலும், போன வருடம் தகரக் கொட்டகையில் தொடங்கிய ஜெப வீடானாலும், ஏதோ ஒரு வடிவில் அங்கே இது இருக்கும். கட்டட நிதி என்ன ஆயிற்று என்று ஒருவர் எழுந்து கேட்பார். கணக்கு வராது, கேட்டவருக்குத் தாழ்மை போதாது என்ற தீர்ப்பு வரும். மறுபடியும் கேட்டால் சங்கீதம் 105 வரும். அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக் கூடாது என்று கர்த்தரே சொல்லியிருக்கிறாரே! அதற்கும் அடங்காதவருக்கு மிரியாமின் குஷ்டம் இருக்கிறது. அந்த அளவுக்குப் போன பிறகு பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பிள்ளைகுட்டிக்காரன், நமக்கேன் வம்பு என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

இப்படிச் சொல்பவர்கள் எல்லாரும் கையாடல்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் உள்ளபடியே பக்தியுள்ளவர்கள். ஊழியம் கர்த்தருடையது, ஊழியக்காரர் அவருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர், விசுவாசி காணிக்கை போட்டு ஜெபித்துக்கொண்டால் போதும் என்பது அவர்களுடைய நியாயம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேதத்தில் இதற்கு ஆதாரம் இல்லை. இந்த மண்ணில் சபை வளர்ந்த வரலாற்றிலும் இல்லை.

முதலில் அந்தச் சங்கீதத்தையே எடுத்துக்கொள்வோம். யாரைத் தொடக் கூடாது, யார் தொடக் கூடாது? அதற்கு முந்திய மூன்று வசனங்களை வாசித்தாலே தெரிந்துவிடும். கொஞ்சம் பேராக, சொந்த நிலமில்லாமல், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அலைந்த ஆபிரகாமின் குடும்பத்தைப் பற்றிய பேச்சு அது. எச்சரிக்கை ராஜாக்களுக்கு. படையும் அதிகாரமும் உள்ளவன் நாதியற்ற பரதேசியின் மேல் கை வைக்கக் கூடாது என்கிறது சங்கீதம். நாம் அதைத் தலைகீழாக்கி, சொத்தும் அதிகாரமும் உள்ள ஊழியக்காரரை, தையல் கூலியில் தசமபாகம் கொடுக்கும் ஓர் அம்மாவிடமிருந்து காப்பாற்றப் பயன்படுத்துகிறோம். இன்னொன்றும் உண்டு. அந்த ராஜாக்களில் ஒருவனான அபிமெலேக்கு, மனைவியைச் சகோதரி என்று சொல்லி என்னை ஏன் ஏமாற்றினாய் என்று ஆபிரகாமை நேருக்கு நேர் கேட்டான். ஆதியாகமம் 20இல் இருக்கிறது. நான் தீர்க்கதரிசி, என்னையா கேட்கிறாய் என்று ஆபிரகாம் சீறவில்லை. உயிருக்குப் பயந்து சொன்னேன் என்று பதில் சொன்னான்.

தாவீது சவுலைத் தொடவில்லையே என்பார்கள். உண்மை. எங்கேதிக் குகையில் சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டான். ஆனால் கதை குகைக்குள் முடிந்துவிடவில்லை. வெளியே வந்து, சவுல் கூட்டிவந்த மூவாயிரம் பேர் கேட்க, அந்தத் துணியைத் தூக்கிக் காட்டி, என்னை ஏன் வேட்டையாடுகிறீர் என்று கூப்பிட்டுக் கேட்டான். வாளை எடுக்காதவன் வாயையும் மூடிக்கொண்டான் என்று நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

இனி மிரியாம். மோசேக்கு விரோதமாகப் பேசிக் குஷ்டம் பிடித்தவள். அவள் கேட்டது கணக்கா? மோசேயின் எத்தியோப்பிய மனைவியைப் பற்றிய பேச்சில் தொடங்கி, கர்த்தர் மோசேயோடு மட்டும்தான் பேசினாரா என்ற பதவிப் போட்டியில் போய் நின்ற விவகாரம் அது. மோசே, ஆரோன், மிரியாம் என்ற தலைவர்கள் மூவருக்குள் நடந்த சண்டையைக் காட்டி, பின்வரிசை விசுவாசியைப் பயமுறுத்துவது என்ன நியாயம்? எண்ணாகமத்தின் அதே அதிகாரம்தான் பூமியில் மோசேயைப் போலச் சாந்தகுணமுள்ளவன் யாரும் இல்லை என்றும் சொல்கிறது. சரி, அந்தச் சாந்தகுணமுள்ளவன் ஜனங்களின் பணத்தை எப்படிக் கையாண்டான்?

யாத்திராகமம் 38ஐப் பிரசங்கத்துக்கு யாரும் எடுப்பதில்லை. ஆசரிப்புக் கூடாரத்துக்கு வந்த காணிக்கையின் வரவு செலவு அங்கே இருக்கிறது. மோசே கட்டளையிட, ஆரோனின் மகன் இத்தாமாரின் மேற்பார்வையில் லேவியர் எழுதிய கணக்கு. பொன் 29 தாலந்து 730 சேக்கல். வெள்ளி 100 தாலந்து 1775 சேக்கல். வெண்கலம் 70 தாலந்து 2400 சேக்கல். வந்தது இவ்வளவு என்று சொல்லி முடித்துக்கொள்ளவுமில்லை. வெள்ளியில் 100 தாலந்து, பாதம் ஒன்றுக்கு ஒரு தாலந்தாக 100 பாதங்களுக்குப் போயிற்று; மீதி 1775 சேக்கல் தூண்களின் கொக்கிகளுக்கும், தலைப்புகளுக்கும், பூண்களுக்கும் ஆயிற்று. கொக்கிக்கு ஆன வெள்ளி வரை எழுதி, அதை வேதத்திலேயே சேர்த்து வைத்துவிட்டார்கள். கர்த்தரோடு முகமுகமாகப் பேசியவன், என்மேல் நம்பிக்கை இல்லையா என்று ஜனங்களிடம் முறைத்துக்கொள்ளவில்லை. நம் ஊழியங்களின் ஆண்டு மலரைப் புரட்டிப் பாருங்கள். வழவழப்பான தாளில் கன்வென்ஷன் மேடை இருக்கும், சாட்சிகள் இருக்கும், வெளிநாட்டு விமான நிலையத்தில் மாலையோடு நிற்கும் படம் இருக்கும். கொக்கிக் கணக்கு இருக்காது.

கணக்குக் கேட்கிற பழக்கமே நமக்கு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரிக்குள் போய்ப் பாருங்கள். மேசைமேல் காணிக்கைப் பைகளைக் கவிழ்த்து, கசங்கிய பத்து ரூபாய் நோட்டுகளை நீவி அடுக்கி, சில்லறையைத் தனியாக எண்ணி, கமிட்டி அங்கத்தினர் இருவர் நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அருமையான வழக்கம். அதே அறையின் கதவோரம் கோயில்பிள்ளை நின்றுகொண்டு, மெழுகுவர்த்திக்கும் பினாயிலுக்கும் பில் கொடுப்பார். இருபது ரூபாய் இடித்தால் அவருக்கு மூன்று கேள்வி. பணம் அந்த மேசையிலிருந்து மேலே போகப் போகக் கேள்வி மட்டும் குறைந்துகொண்டே வரும். பள்ளிக்கூட வேலைக்கு வாங்கிய 'நன்கொடை', நீண்டகாலக் குத்தகைக்குப் போன சபை நிலம், வெளிநாட்டிலிருந்து வந்த நிதி என்ற இடத்துக்கு வரும்போது, எல்லாம் ஜெபத்தோடு செய்யப்பட்டது என்ற ஒரு வரியே ஆடிட் ரிப்போர்ட் ஆகிவிடுகிறது.

2 இராஜாக்கள் 12ஐ இதன் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். யோவாஸ் ராஜாவின் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்க வந்த பணம் ஆசாரியர்கள் கையில் இருந்தது. ராஜாவின் 23ஆம் வருடம் வரை ஒரு விரிசலும் அடைபடவில்லை. ராஜா பிரதான ஆசாரியனையும் மற்றவர்களையும் வரவழைத்து, ஏன் என்று கேட்டான். இனிப் பணத்தை நீங்கள் வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். பிரதான ஆசாரியனான யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துளை போட்டுப் பலிபீடத்தின் வலது பக்கம் வைத்தான். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் எண்ணினார்கள். அந்தப் பணத்தை வாங்கி வேலையாட்களுக்குக் கூலி கொடுத்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாக நடந்தார்கள் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. அதாவது, பட்டம் பெற்றவர்களின் பணத்துக்கு இரட்டைச் சாட்சி. வேலைத்தளத்தில் நின்றவர்களுக்கு நம்பிக்கை. கோயில்பிள்ளையின் பினாயில் பில்லை மூன்று முறை புரட்டும் நாம், அந்த ஒழுங்கை அப்படியே புரட்டிப் போட்டிருக்கிறோம்.

அதெல்லாம் பழைய ஏற்பாடு என்று தள்ளுபவர்கள் 2 கொரிந்தியர் 8ஐப் பார்க்கலாம். எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் பவுல் தனியே தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைக் கூட அழைத்துக்கொண்டான். காரணத்தையும் அவனே சொல்கிறான்: இவ்வளவு பெரிய தொகையில் யாரும் தன்மேல் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாதாம். கர்த்தர் முன்பாக மட்டும் யோக்கியமாக இருந்தால் போதாது, மனுஷர் முன்பாகவும் இருக்க வேண்டுமாம். மூன்றாம் வானம் வரை போய்வந்தவனுக்கே மனுஷர் முன்பாக என்ற கவலை இருந்திருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். தாழ்மை என்பது பணவிவகாரமா ஐயா, அது இருதயத்தின் குணமல்லவா? குணம்தான். ஆனால் இருதயத்தை யாரும் திறந்து பார்க்க முடியாதபோது, அந்தக் குணத்தை எதை வைத்து அறிவது? மேடையில் "அடியேன்" என்று பத்து முறை சொல்வதை வைத்தா? பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுகிறோம். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்த கால்கள் அவை. போட்டோகிராபர் சொன்ன பிறகுதான் தண்ணீர் ஊற்றப்படும். மறுநாள் காலையில் உபதேசியார் மூன்று மாதச் சம்பளப் பாக்கியைக் கேட்டு வந்தால், ஊழியத்தில் காசு பார்க்கலாமா தம்பி என்று புத்திமதி கிடைக்கும். கால் கழுவுவது மேலே இருப்பவரின் வேலை என்று இயேசு காட்டிக் கொடுத்தார். நம்மிடம் தாழ்மை எப்போதும் மேலிருந்து கீழே உத்தரவாகத்தான் இறங்குகிறது. உபதேசியாருக்கு, ஹாஸ்டல் ஆயாவுக்கு, வடநாட்டுக்கு அனுப்பப்பட்ட மிஷனரிக்கு, சபைப் பள்ளியில் பாதிச் சம்பளத்துக்கு முழுக் கையெழுத்துப் போடும் டீச்சருக்கு.

தாழ்மையை மேலிருந்து உத்தரவு போடுவது பழைய வியாதி. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவின் வாழ்க்கையில் இதைப் பார்க்கலாம். அவரைப் பற்றிய பிரசங்கங்களில் அச்சுக்கூடம் வரும், தமிழ்ப் புதிய ஏற்பாடு வரும். அவர் சிறையில் கிடந்தது ஏன் என்பது மட்டும் அநேகமாக வராது. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் விதவைக்குக் கடன் வழக்கு ஒன்றில் அநியாயம் நடக்கிறது என்று அவர் மறுபடி மறுபடி தலையிட்டார். டேனிஷ் கோட்டையின் தளபதி ஹாசியஸுக்கு அது பொறுக்கவில்லை. 1708 கடைசியில் பிடித்து அடைத்துவிட்டார். நான்கு மாதம் சிறை. அந்தத் தளபதி சீகன்பால்குவை அனுப்பிய அதே டென்மார்க்கின் அதிகாரி. அமைதியாக இருந்திருந்தால் ஜெபமும் செய்திருக்கலாம், மொழிபெயர்ப்பும் தடையின்றி நடந்திருக்கும். விதவைக்காகப் பேசியதும் ஊழியம் என்று அந்த 26 வயது இளைஞன் நினைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கசப்பு. கோபன்ஹேகனில் மிஷனை நிர்வகித்த மன்றத்தின் செயலராக வந்த கிறிஸ்டியன் வெண்ட் என்பவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மிஷனரிகள் அப்போஸ்தலரைப் போல ஏழ்மையில் திரிந்து பிரசங்கித்தால் போதும். பள்ளிக்கூடமும் கட்டடமும் எதற்கு? ஐரோப்பாவில் மேசைக்கு முன் உட்கார்ந்துகொண்டு தரங்கம்பாடி வெயிலில் இருப்பவருக்குத் தாழ்மையைப் போதித்தார். சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டை ஆனது. மனமும் உடம்பும் நொந்து 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் அவர் இறந்தார். தாழ்மை என்ற சொல் யார் வாயிலிருந்து யாரை நோக்கி வருகிறது என்று கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மேலே இருப்பவர்களைக் கேள்வி கேட்டவர்களில் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா இன்னொருவர். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளை முகங்கள். அவருக்கு அப்போது 35 வயது. மேற்கத்திய மிஷனரிகளின் தியாகத்தை இந்தியச் சபை என்றைக்கும் மறக்காது, ஆனாலும் எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று அந்த மேடையில் கேட்டார். அவர்கள் செய்தது தியாகம் என்பதை ஒப்புக்கொண்டே, நீங்கள் எங்களைச் சமமாக நடத்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதுதான் அந்தப் பேச்சு. கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கேள்வி கேட்பவன் ஊழியத்துக்கு லாயக்கற்றவன் என்ற நம் அளவுகோலின்படி பார்த்தால், அன்றோடு அவர் கதை முடிந்திருக்க வேண்டும். 1912 டிசம்பர் 29 அன்று ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்று, தோர்ணக்கலில் தாழ்த்தப்பட்ட கிராமத்து மக்களோடு 1945இல் சாகும்வரை இருந்தார். அவரைத் தாழ்மையற்றவர் என்று சொல்ல இன்று யாருக்காவது துணிச்சல் உண்டா?

சமீப காலத்துக்கு வருவோம். அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரகாமின் கொள்கைகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 1948இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ என்ற ஊரில் அவரும் கூட இருந்தவர்களும் உட்கார்ந்து, சுவிசேஷகர்கள் எங்கெல்லாம் விழுகிறார்கள் என்று பேசித் தங்களுக்கே வேலி போட்டுக்கொண்டார்கள். பணம், பெண்கள், உள்ளூர்ச் சபைகளைப் பழிப்பது, கூட்டத்தின் எண்ணிக்கையை ஊதிச் சொல்வது. கடைசியாகச் சொன்னதை நம் ஊர்ப் போஸ்டர்காரர்கள் கவனிக்கலாம். 1950இல் அட்லாண்டா கூட்டம் முடிந்தபோது, அவர் சிரிக்கும் படத்தையும் காணிக்கை மூட்டைகளின் படத்தையும் அந்த ஊர்ப் பத்திரிகை போட்டது. அபிஷேகம் பெற்றவனைத் தொடுகிறீர்களா என்று அவர் சாபமிடவில்லை. அன்பின் காணிக்கை வாங்குவதை விட்டுவிட்டு, மாதச் சம்பளத்துக்கு மாறினார்.

இதற்கு நேர்மாறான கதை சென்னையில் பிறந்த ரவி சகரியாஸுடையது. உலகமெங்கும் படித்தவர்கள் மதித்த பேச்சாளர். 2017இல் அவர்மேல் புகார் எழுந்தபோது, அவருடைய நிறுவனம் அவர் சொன்னதை நம்பியது. புகார் சொன்ன பெண்ணை நம்பவில்லை. 2020 மே மாதம் பெரும் புகழோடு அடக்கம் செய்யப்பட்டார். 2021 பிப்ரவரியில் அந்த நிறுவனமே வெளியிட்ட வழக்கறிஞர் விசாரணை அறிக்கை, அவர் பல ஆண்டுகள் பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததை உறுதிசெய்தது. நிறுவனத்தின் குழு மன்னிப்புக் கேட்டது. முதல் புகாரிலேயே யாராவது அவரைக் கறாராக விசாரித்திருந்தால், அவருக்கே அது கிருபையாக இருந்திருக்கும். நம் பேச்சில் இந்தப் பக்கம் வருவதே இல்லை. கேள்வி கேட்காமல் விட்டுவிடுவது ஊழியக்காரருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறோம். கேட்க ஆளில்லாத தனிமையில்தான் அவர் கெட்டுப்போகிறார்.

எதிர்த்தரப்பில் எனக்குக் கனமாகத் தோன்றும் வாதம் ஒன்று உண்டு. கேள்வி கேட்பவர்கள் எல்லாரும் யோக்கியர்களா? சேகரத் தேர்தலில் தோற்ற கோஷ்டிதானே முதலில் கணக்குக் கேட்கிறது? சாதிக் கணக்கு வைத்து ஐயரவாளை மாற்றத் துடிப்பவர்கள்தானே மொட்டைக் கடிதம் எழுதுகிறார்கள்? மறுக்க மாட்டேன். நம் தேர்தல்களைப் பார்த்த எவரும் மறுக்க முடியாது. அதற்காகத்தான் மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது. அந்த வசனத்தை வாசிப்பவர்கள் அடுத்த வசனத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்கச் சொல்கிறது அது. கேட்பவனின் நோக்கம் கெட்டது என்பதால் கணக்குச் சரியாகிவிடாது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. தேர்தலில் தோற்றவன் கேட்டால் என்ன, ஜெயித்தவன் கேட்டால் என்ன, அதே நோட்டைத்தானே நீட்டப் போகிறோம்?

இன்னொரு வாதம் இந்தக் காலத்துக்கே உரியது. சபைகள்மேல் கல்லெறியக் காத்திருப்பவர்கள் கையில் நாமே கல்லைக் கொடுக்கலாமா? சகோதரர்கள் வழக்கு மன்றம் போகக் கூடாது என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதவில்லையா? எழுதினான். அதே இடத்தில், உங்களுக்குள் வழக்குத் தீர்க்க ஒரு விவேகி கூட இல்லையா என்று வெட்கப்படுத்தவும் செய்தான். உள்ளே கேட்க இடம் வைத்துவிட்டுத்தான் வெளியே போகாதே என்றான். நாம் உள்கதவைப் பூட்டிவிட்டு வெளிக்கதவைத் தட்டுபவனைத் திட்டுகிறோம். விளைவு, சபைத் தேர்தலை நடத்தவும் நிர்வாகத்தைப் பார்க்கவும் ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றம் நியமிக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். பகைவர் கைக்குப் போகிறதே என்ற கவலைக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு நிதி வாங்கும் எந்த ஊழியமும் ஆண்டுதோறும் உள்துறை அமைச்சகத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும், சட்டம் அப்படி. டெல்லியில் இருக்கும் அதிகாரிக்குக் காட்டும் தாளை, முன்வரிசையில் உட்கார்ந்து 'ஆமென்' சொல்லும் பாட்டிக்குக் காட்ட மாட்டோம் என்றால், யாரைப் பகைவராக நினைக்கிறோம்?

குருவானவர்களுக்கும் பாஸ்டர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். யாரும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வருடப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே, ஆடிட் செய்த வரவு செலவைத் தமிழில் தட்டச்சு செய்து ஆலய வாசல் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். உங்கள் சம்பளமும் பெட்ரோல் படியும் முதல் வரியில் இருக்கட்டும். உபதேசியாரின் சம்பளம் அதற்கு அடுத்த வரியில் இருக்கட்டும். கேட்கத் தயங்கும் விசுவாசிகளே, போர்டில் தாள் இல்லாவிட்டால் கூட்டத்தில் எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், பெயர் சொல்லிக் கேளுங்கள். மொட்டைக் கடிதம் எழுதாதீர்கள்.